ஏழாவது மாடியில் லிஃப்ட் நிற்காது

சிங்கப்பூர் போகிறவர்கள் மெர்லயன் சிங்கத்தின் முன்னால் நின்று, அது கக்கும் தண்ணீரைக் குடிப்பதுபோல் வாயைப் பிளந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன், வெட்கமில்லாமல். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில், ஆற்றங்கரையில் கேவனா பாலத்தருகே சில வெண்கலப் பூனைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் சட்டை செய்வதில்லை. 'குச்சிந்தா' என்று பெயர். மலாய் மொழியில் 'குச்சிங்' என்றால் பூனை, 'சிந்தா' என்றால் காதல். அந்த ஊர் சாக்கடைகளில் திரிந்த பூனைக்கு 'சிங்கப்பூரா' என்று ஜாதிப் பெயர் சூட்டி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான சின்னமாகவே ஆக்கினார்கள். (அது சிங்கப்பூர்ப் பூனையே இல்லை, அமெரிக்காவிலிருந்து போனது என்று ஒரு சர்ச்சை உண்டு. பூனையைக் கேட்டால் சொல்லாது.)

வேடிக்கை என்னவென்றால், 1989-லிருந்தே அங்கே அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. சிங்கப்பூரில் ஐந்தில் ஏறக்குறைய நாலு பேர் இருப்பது அந்த வீடுகளில்தான். சின்ன ஜாதி நாய் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பூனை கூடாது. காரணமும் சொன்னார்கள்: வீட்டுக்குள் அடங்கி இருக்காது, முடி உதிர்க்கும், கண்ட இடத்தில் அசிங்கம் பண்ணும், ராத்திரியில் கத்தும். இதைக் கேட்டபோது என் அறைத் தோழன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது?

நாங்கள் இரண்டு பேர் தோ பாயோவில் ஒரு பழைய புளோக்கின் ஏழாவது மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்கார அக்கா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை, விதவை, வாடகை விஷயத்தில் கண்டிப்பு. பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையதில் ஒன்று, ஐந்து, ஒன்பது. ஏழுக்குப் போக ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கலாம். நம்மாட்கள் எல்லோரும் ஒன்பதுதான்.

தரைத்தளத்தில் வீடு கிடையாது. வெறும் தூண்கள். 'வாய்ட் டெக்' என்பார்கள். மலாய்க் கல்யாணம் நடப்பதும் அங்கேதான், சீனர் வீட்டுச் சாவுக்கு உட்காருவதும் அங்கேதான். மற்ற நாளில் தபால் பெட்டிகள், கல் பெஞ்சு, பூனைகள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சீனத்து ஆன்ட்டி தள்ளுவண்டியோடு வருவாள். எல்லாவற்றுக்கும் காகிதத்தில் தீனி வைத்து, அவை தின்று முடித்ததும் இடத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். தன் காசிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்து வைப்பாள். ஆபரேஷன் ஆன பூனைக்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டிருக்கும்.

அதில் ஒன்று சாம்பல் வரி போட்ட ஆண். அந்த ஊர்ப் பூனைகள் பலவற்றுக்கு வால் மொட்டையாக அல்லது வளைந்து முடிச்சுப்போல் இருக்கும். இதற்கு கட்டை விரல் நீளம்தான். அதனால் 'வாலி' என்று பெயர் வைத்தேன். ஆபீசிலிருந்து ஏழு மணிக்கு வந்தால் தபால் பெட்டிகளின் மேலிருந்து குதித்து லிஃப்ட் வரைக்கும் கூடவே வரும். கதவு மூடும்வரை உட்கார்ந்து பார்க்கும். அந்த ஊரில் எனக்காக யாரும் காத்திருந்தது கிடையாது என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

2003-ல் சார்ஸ் வந்தது. ஆபீசில் தினம் இரண்டு வேளை டெம்பரேச்சர் பார்த்து எழுதவேண்டும். லிஃப்டில் ஒருவன் தும்மினால் மற்றவர்கள் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதோடு தெருப்பூனைகளைப் பிடித்துக் கொல்லும் வேலையும் மும்முரமானது. ஒரு நாள் பக்கத்துப் புளோக்கின் பூனைகள் மூன்றைக் காணோம். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ டேக் லா... ஒன் ஒன்லி..." என்றாள். எனக்குச் சீனம் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் அதற்கு மேல் தெரியாது. அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் ராத்திரி ஆபீஸ் பையில் வாலியைத் திணித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். கூடவே நாலு பேர் ஏறினார்கள். மூன்றாவது மாடி தாண்டும்போது பை "மியாவ்" என்றது. நான் இருமினேன். சார்ஸ் காலத்தில் இருமல்! ஐந்தாவது மாடியில் நாலு பேரும் இறங்கி ஓடினார்கள்.

அறை நண்பன் மன்னார்குடிக்காரன். "மாப்ளே, மாட்டினா நாலாயிரம் வெள்ளி வரைக்கும் ஃபைன்டா. நம்ம ரெண்டு பேரையும் வித்தாலும் தேறாது" என்றான். ஆனால் பழைய ஆபீஸ் ரிப்போர்ட்டுகளைக் கிழித்து அட்டைப்பெட்டியில் பரப்பியது அவன்தான். அந்த ரிப்போர்ட்டுகளை முழுமையாகப் பயன்படுத்திய முதல் ஜீவன் வாலி. பரம்பரைச் சைவமான நான் மத்தி மீன் டின்னை மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்தேன்.

ஆறாம் நாள் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "என்ன தம்பி இது? வீடு என் பேர்ல இருக்கு. ஃபைன் யார் கட்டுறது, உங்க அப்பாவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள கீழ விட்டுடணும்" என்றாள். ஞாயிறு வந்தது. வாலி சோபாவில் அக்காவின் காலடியில் படுத்திருந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூட லீவில் அக்கா நாள்பூரா அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். எங்களோடு பேசியதைவிட அதிகம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வாசலில் அவித்த மீன்தலையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் போய்விடுவார்.

ஏழு வாரம். பிறகு ஆறாவது மாடியிலிருந்து ஒருவர் வந்து, ராத்திரியில் சத்தம் கேட்கிறது, புகார் எழுதப்போகிறேன் என்றார். அன்றைக்கே அக்கா வாலியைத் துண்டில் சுற்றிக் கொடுத்து, "போய் விட்டுடு தம்பி" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. தபால் பெட்டியடியில் விட்டேன். பிடிப்பவர்கள் கையில் அது மாட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வரும்போது இறங்கி வரவில்லை. மேலேயிருந்து பார்க்கும், அவ்வளவுதான். 2004-ல் வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன். விடியற்காலை டாக்சி. வாலியைத் தேட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2025-ல் ஆபீஸ் வேலையாகப் போனபோது தோ பாயோ பக்கம் போனேன். லிஃப்ட் இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது. அக்காவுக்கு அடையாளம் தெரிய அரை நிமிஷம் ஆயிற்று. ஜன்னல் பூராவும் வலை. உள்ளே இரண்டு பூனைகள். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்க அனுமதி. லைசென்ஸ் வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் வேண்டும், வளர்ப்பவர் கம்ப்யூட்டரில் ஒரு பாடமும் படிக்கவேண்டும். "எழுபது வயசுல பரீட்சை எழுத வச்சிட்டாங்க" என்று லைசென்ஸைக் காட்டினாள். ஆன்ட்டி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

தயங்கித் தயங்கி வாலியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? நீ போன மறு வாரம் படியேறி வந்துடுச்சு. ஏழு மாடி. வாசல்ல உன் பழைய செருப்பு ஒண்ணு கிடந்துச்சுல்ல, அது மேல உக்காந்துக்கும். உள்ள கூப்பிட்டா வராது. ராத்திரி ஆனா இறங்கிப் போயிடும். ஆறேழு வருஷம் வந்துச்சு. ஒரு நாள் வரலை."

"ஒரு லெட்டர் போட்டிருக்கலாமேக்கா..."

"போட்டா நீ வந்திருப்பியா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பூனை என் பையை முகர்ந்து பார்த்துவிட்டு அதற்குள் தலையை விட்டது.

"ஊர்ல பூனை வச்சிருக்கியா தம்பி?"

"இல்லேக்கா. அபார்ட்மென்ட். அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க."

"அங்க அப்படி சட்டமா?"

"சட்டம் எதுவும் இல்லே" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. பூனையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, என் மடியில் வைத்துவிட்டு, டீயைச் சூடாக்க உள்ளே போனாள்.