ஏணை கட்டும் முன்னர்

பிள்ளை பிறக்கவிருக்கும் வீட்டைப் புதுக்கி வைப்பது எம்மவரிடையே நெடுங்கால வழக்கம். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். கதவு யன்னல்களுக்கு நிறம் பூசுவார்கள். மூலையிற் கிடக்கும் பழம்பொருள்களை அப்புறப்படுத்துவார்கள். வரப்போகும் உயிருக்காக வீடும் முகங்கழுவிக் காத்திருக்க வேண்டும் என்ற ஆசையே இதற்குக் காரணம். ஆசை நல்லதே. எனினும், அந்த நல்ல ஆசையே எமது வீட்டில் நஞ்சுக்கு வாயில் திறந்துவிட்டது. பழைய வீடுகளில் வாழும் இளந்தம்பதிகளுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் அக்கதையை இங்கே எழுதத் துணிந்தோம்.

எமது வீடு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு. இல்லாளின் பாட்டனார் 1930களிற் கட்டியது. தாய்வழியே சீதனமாக வந்தது. முன்விறாந்தையின் ஓரமெங்கும் இடுப்பளவு உயரத்துக்கு மரக்கிராதி. கதவும் யன்னலும் கிராதியும் ஒரே பச்சை நிறம். தைப்பொங்கல் நெருங்கும்போது பாட்டனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே தூரிகை ஏந்திப் பூசுவாராம். பூச்சின் மேற் பூச்சாகப் பல பொங்கல்களின் பச்சை அந்த மரத்தில் ஏறியிருந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வீடு பூட்டப்பட்டது. பல ஆண்டுகள் வெயிலும் மழையும் மட்டுமே அங்கே குடியிருந்தன. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பாட்டனாரின் பச்சை கோடையில் வற்றிய குளத்துச் சேறுபோல வெடித்து, செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது.

மணமாகி மூன்று ஆண்டுகள் வரை, உத்தியோக இடமாற்றங்கள் காரணமாகப் பிள்ளைப்பேற்றை நாம் தள்ளிப் போட்டிருந்தோம். ஒருவாறு இருவரும் ஓரிடத்திற் சேர்ந்தபின், இனித் தாமதியாது பிள்ளைக்கு ஆயத்தமாவோம் என்று தீர்மானித்தோம். அத்தீர்மானத்தின் முதற் காரியமாகப் பெயின்ற் வேலை செய்யும் அண்ணை ஒருவரை அழைத்தோம்.

அவர் வேலையிற் சூரர். உலர்ந்த மரத்தைத் தேய்க்கும் கடதாசியால் உரஞ்சி, மூன்று நாளில் விறாந்தைக் கிராதி முழுவதையும் வெளிற வைத்துவிட்டார். அந்த மூன்று நாளும் வீடெங்கும் பச்சைத் தூள். கிணற்றுக்கட்டிலும், சுளகிலிருந்த அரிசியிலும், காயப்போட்ட துணியிலும் மெல்லிய மாவாகப் படிந்தது. இல்லாள் காலையும் மாலையும் விளக்குமாற்றினாற் கூட்டினாள். கூட்டக் கூட்டத் தூள் எழுந்து மீண்டும் படிந்தது. மாமியோ சிக்கனத்திற் பெயர் பெற்றவர். உக்கிப்போன யன்னற் சட்டங்களை உடைத்து அடுப்புக்குக் கொண்டுபோனார். அடுப்புச் சாம்பல் வழக்கம்போலக் கீரைப் பாத்திக்குப் போயிற்று.

நான்காம் நாள் இல்லாளின் ஒன்றுவிட்ட தமக்கையார் வந்தார். கல்லூரி ஒன்றில் இரசாயனம் கற்பிப்பவர். வாசலிற் கால் வைத்ததும், கிராதியில் விரலை ஓட்டித் தூளைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது எந்தக் காலத்துப் பெயின்ற்?”

“அப்புவின்ரை காலத்து, அக்கா.”

“அப்ப முதலிலை இந்த வேலையை நிற்பாட்டு. இதிலை ஈயம் இருக்கும்.”

மாமிக்கு இது பிடிக்கவில்லை. “என்ன பிள்ளை கதைக்கிறாய்? ஈயம் பூசின பித்தளைச் சருவத்திலைதானே நாங்கள் காலமெல்லாம் சமைச்சனாங்கள். ஈயம் எங்களை என்ன செய்தது?” என்றார்.

“சின்னம்மா, சருவத்துக்குப் பூசுறது வெள்ளீயம். பெயின்ற்றிலை இருக்கிறது காரீயம். பேர்தான் ஒன்று, குணம் வேறை.”

எமது மொழியில் இரண்டு உலோகங்கள் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் வந்த மயக்கம் இது. பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் சமையலுக்கு உதவும் உலோகம். காரீயமோ மனித உடலுக்கு எவ்விதத்திலும் வேண்டப்படாதது. முற்காலத்தில் அதைப் பூச்சிற் சேர்த்ததற்குக் காரணங்கள் உண்டு. ஈயங் கலந்த பூச்சு விரைவில் உலரும், ஈரத்தைத் தாங்கும், நிறம் நெடுநாள் நிலைக்கும். பாட்டனாரின் பச்சை ஊரெல்லாம் புகழ்பெற்றதும் ஒருவேளை அதனாலேயே இருக்கலாம்.

அன்று மாலை அக்கா சொன்ன வரலாறு ஒன்று எம்மை வெகுவாக உறுத்தியது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து எமது நாட்டைப் போலவே வெயில் மிகுந்த இடம். அங்குள்ள வீடுகளுக்கும் மரக்கிராதியோடு கூடிய விறாந்தைகள் உண்டு. பிறிஸ்பேன் நகரிற் பிள்ளைகள் பலர் விளங்காத நோயால் வருந்தினர். சிலருக்குப் பார்வை கெட்டது. சிலருக்குக் கைகால் சோர்ந்தன. லொக்கார்ட் கிப்சன் என்னும் கண் வைத்தியர் 1904ஆம் ஆண்டில் அதன் மூலத்தை எடுத்துரைத்தார். வெயிலில் வெந்து மாவாகிய விறாந்தைப் பூச்சு பிள்ளைகளின் கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும்போதும் நகங் கடிக்கும்போதும் வாய்க்குட் போகிறது என்றார். அவருடைய கூற்றை ஏற்கப் பலர் தயங்கினர். பிள்ளைகளின் கைக்கெட்டும் இடங்களில் ஈயப் பூச்சைத் தடுக்கும் சட்டம் அங்கே 1922இலேதான் வந்தது. அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பூச்சு 1978 வரை தடை செய்யப்படவில்லை. எமது நாட்டிலே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் விதி செய்தது. அது 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. எனாமல் வகைப் பூச்சிற் பத்து இலட்சம் பங்குக்கு 600 பங்கு ஈயமே இருக்கலாம் என்பது அவ்விதி. விதி வந்ததற்கு முன்னர் பூசப்பட்டவை எல்லாம் அப்படியே மரத்தில் இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

செதில் ஒன்றைக் கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். பத்து இலட்சத்துக்குப் பல ஆயிரம் பங்கு என்று முடிவு வந்தது. வைத்தியரிடம் போனோம். அவர் இல்லாளின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தார். ஒரு தசலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் காணப்பட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இல்லாளுக்கு 6 இருந்தது.

வைத்தியர் பயமுறுத்தவில்லை, ஆனால் ஒளித்தும் பேசவில்லை. ஈயம் உடலுக்குட் புகுந்தால், உடல் அதைச் சுண்ணாம்புச் சத்தென்று மயங்கி எலும்பிற் சேர்த்து வைக்கும். அங்கே பல ஆண்டுகள் கிடக்கும். தாய் கருவுற்றதும் பிள்ளையின் எலும்புக்காகத் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கொடுப்பாள். அதனோடு ஈயமும் புறப்பட்டு, நச்சுக்கொடியைக் கடந்து சிசுவிடம் போய்ச் சேரும். வளரும் மூளைக்கு அது பகை. பிறந்த பின்னரும் ஆபத்து ஓயாது. உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறுகுழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு ஒன்று இதுவரை அறியப்படவில்லை. “அவசரப்படாதேயுங்கோ. முதலிலை வீட்டைத் திருத்துங்கோ. சில மாதத்தாலை திரும்பவும் சோதிப்பம்” என்றார் அவர்.

சில மாதம் என்பது சொல்வதற்கு எளிது. மூன்று ஆண்டு காத்திருந்த எமக்கு அது நீண்ட காலமாயிற்று. கோவில் வீதியிலும் கலியாண வீட்டிலும் “இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையோ?” என்று கேட்காதவர் இல்லை. “கதவுப் பூச்சு காரணமாகப் பொறுத்திருக்கிறோம்” என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். நாம் வாய்மூடி இருந்தோம். ஒரு நாள் கலியாண வீட்டிலிருந்து திரும்பிய இல்லாள், உடை மாற்றாமலே விறாந்தையில் இருந்து அழுதாள். “நான்தானே கூட்டிக் கூட்டி எழுப்பினது” என்றாள். பூச்சுக்காரரை அழைத்தவர் நாமல்லவா என்று சொன்னோம். இருவரும் குற்றத்தைப் பங்கிட்டதில் மனம் சற்று இலேசாயிற்று.

வீட்டு வேலையை மறுபடி தொடங்கினோம், இம்முறை முறைப்படி. இல்லாளும் மாமியும் வேலை முடியும் வரை அக்கா வீட்டிற் போயிருந்தார்கள். பூச்சுக்கார அண்ணையை அழைத்துச் செய்தியைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, நான் பின்னேரம் இந்த உடுப்போடைதான் வீட்டை போறனான். பேத்தி ஓடி வந்து காலைக் கட்டிப் பிடிப்பாள்” என்றார். எமது பிள்ளை இன்னும் உருவாகவில்லை. அவருடைய பேத்திக்கோ இரண்டு வயது. எமது வீட்டு நஞ்சை மூன்று நாளாக அந்தக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்ற எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. மறுநாளே குழந்தையை வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். அவளுக்கும் அளவு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. கைகழுவும் பழக்கத்தாலும் நல்ல உணவாலும், முக்கியமாகத் தூள் வீட்டுக்கு வருவது நின்றதாலும் இப்போது குறைந்து வருகிறது.

அதன் பின்னர் அண்ணை எம்மைவிடக் கண்டிப்பானவராகிவிட்டார். நிலமெங்கும் தடித்த பொலித்தீன் விரித்து ஓரங்களை ஒட்டினார். அறைக் கதவுகளையும் பொலித்தீனால் மூடினார். மரத்தை நீர் தெளித்து நன்றாக நனைத்த பின்னரே சுரண்டினார். உலர்ந்த பூச்சில் தேய்க்கும் கடதாசியைத் தொடவே இல்லை. நெருப்புக் காட்டிப் பூச்சை உரிப்பது இலகு என்று ஒருவர் யோசனை சொன்னார். அதனால் ஈயம் ஆவியாகி மூச்சோடு போகும் என்று அண்ணையே அவருக்கு விளக்கினார். முகத்துக்கு நுண்தூளைத் தடுக்கும் கவசம் அணிந்தார். மாலையில் எம் வீட்டிலேயே குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு போனார். வேலையுடுப்பை நாமே தனியாகத் தோய்த்தோம். விளக்குமாறு ஒதுக்கப்பட்டது. நிலத்தைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியாலே துடைத்தோம். நீரை அடிக்கடி மாற்றினோம். ஒரு வாரத்து வேலை மூன்று வாரமாயிற்று. கூலியும் அதற்கேற்ப ஏறிற்று. தொட்டிலுக்கும் துணிமணிக்கும் என்று சேர்த்த பணம் அதிலே கரைந்தது. வருத்தமில்லை.

சுரண்டிய செதில்களையும் மரத்துண்டுகளையும் பைகளிற் கட்டி, பிரதேச சபையாரைக் கேட்டு ஒப்படைத்தோம். பூச்சுள்ள பழமரத்தை அடுப்பில் எரிப்பது பெருந்தவறு. புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும். கீரைப் பாத்தியின் மேல்மண்ணை அகற்றிவிட்டு, பாத்தியைக் கிணற்றடிக்கு அப்பால் மாற்றினோம். உணவிலும் கவனஞ் செலுத்தினோம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்குமென்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆதலால் குரக்கன், எள்ளு, நெத்தலி, முருங்கையிலை ஆகியவை அடுக்களையில் முதலிடம் பெற்றன.

இத்தனைக்கும் இடையில் மாமியின் மனக்குறை ஒன்று இருந்தது. “ஐயாவின்ரை கை பட்ட பச்சை எல்லாத்தையும் சுரண்டப் போறியளோ, தம்பி?” என்று ஒரு நாள் கேட்டார். அவருக்கு அது நஞ்சன்று, தந்தையின் கைவேலை. அதை அக்காவிடம் கேட்டபோது நல்ல விடை கிடைத்தது. வெடிக்காமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சை அசைக்காமல் விடுவதே சிறந்தது. அதன்மேல் நல்ல புதுப் பூச்சை இட்டு மூடி, வெடிக்கிறதா என்று பார்த்து வந்தாற் போதும். உரசுகின்ற யன்னற் சட்டமும், பிள்ளை பிடித்து நின்று கடிக்கக்கூடிய கிராதியுமே முதலில் திருத்த வேண்டியவை. சாமியறை வாசலின் மேல்நிலையில், கைக்கெட்டா உயரத்தில், பாட்டனாரின் பச்சை உறுதியாகவே இருந்தது. அதைச் சுரண்டவில்லை, அதே சாயலில் ஈயமற்ற புதுப் பச்சையால் மூடினோம். மாமி அதை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார்.

ஐந்து மாதங் கழித்து மீண்டும் இரத்தஞ் சோதித்தபோது அளவு பாதியாகக் குறைந்திருந்தது. வைத்தியர் புன்னகையோடு தாளை மடித்துத் தந்தார்.

அன்பான வாசகர்களே, பழைய வீட்டில் வாழ்வது குற்றமன்று. சுவரில் அசையாது கிடக்கும் பழம்பூச்சைக் கண்டு ஓட வேண்டியதுமில்லை. நாம் கற்றது ஒன்றுதான்: அதை அறியாமல் அவசரமாகக் கிளறுவதே தீங்கு. பிள்ளைக்காக வீட்டைப் புதுக்க விரும்புவோர், கருத்தரிக்கும் முன்னரே அதைச் செய்யுங்கள். பூச்சு எக்காலத்தது என்று கேட்டறிந்த பின்னர் செய்யுங்கள். வேலைக்கு வருபவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டென்பதை நினைந்து செய்யுங்கள்.

இல்லாளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஏணைக்கான கயிற்றை மாமி விறாந்தை வளையில் எங்கே கட்டலாம் என்று இப்போதே பார்த்து வைத்திருக்கிறார். மாலையில் விளக்கேற்றும் முன்னர் ஈரத்துணியோடு யன்னலோரங்களைத் துடைத்து வருகிறார். “வெள்ளீயம் வேறை, காரீயம் வேறை” என்று அயல்வீட்டுப் பெண்களுக்குப் பாடஞ் சொல்பவரும் இன்று அவரே.