கருவி பேணல்

ஒரு பொருளைப் பெறுதல் எளிது, பேணுதலே அரிது. இன்று கைத்தொலைபேசியே படம் பிடித்துவிடுகின்றது. ஆதலால், முன்னர் மணவீடுகளிலே பெருமையோடு தோளிற் சுமக்கப்பெற்ற வீடியோக் கமராக்கள் அலுமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைத் துடைத்துப் பேணுதல் வீண்வேலை என்பாருமுளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று.

கண்டியிலுள்ள எமது வீட்டுக் கமராவை என் மாமா 1992ஆம் ஆண்டில் வளைகுடா நாடொன்றிலிருந்து கொண்டுவந்தார். 8 மில்லிமீற்றர் அகலமான காந்த நாடாவிற் பதியும் ‘வீடியோ 8’ வகையைச் சார்ந்தது அது. என் அம்மம்மாவின் குரல் எஞ்சியிருப்பது அதன் கசற்றுகளில் மட்டுமே. அவருடைய ஒளிப்படங்கள் பல உள. ஆயின் அவற்றில் அவர் பேசுவதில்லை.

மலைநாட்டு ஈரமே கமராவின் முதற்பகை. வில்லையின் மேற்பூச்சிலே பங்கசு சிலந்திவலைபோற் படரும். அது கண்ணாடியை அரித்த தடம் எத்துணை துடைத்தாலும் அகலாது. ஆகவே கமராவைத் தோற்பையில் நெடுங்காலம் மூடிவைத்தலாகாது. பற்றரியைக் கழற்றி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தல் வேண்டும். வில்லையைத் துடைக்குமுன் இறப்பர்க் குமிழாற் காற்றூதித் தூசியை அகற்றுதல் அவசியம். மணற்றுகளின்மேல் துணி பட்டாற் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதன்பின்னரே மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டமாகத் துடைக்கலாம்.

அடுத்தது, நாடாவைப் படிக்கும் காந்தத் தலை. தலைகள் ஓர் உருளையிற் பொருந்தியுள்ளன. நமது நாட்டிற் பயன்படும் ‘பால்’ முறையில் அவ்வுருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். நாடா உதிர்க்கும் துகள் தலையை அடைத்தால், திரையெங்கும் வெண்புள்ளிகள் நிறைந்து முகங்கள் மறையும். அப்போது, நாருதிராத மென்தோலை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் மெல்ல ஒற்றிப் பிடித்து, உருளையை மேலிருந்து விரலாற் சுழற்றுதல் வேண்டும். மேல்கீழாகத் தேய்த்தால் தலை முறியும். பஞ்சுக் குச்சியின் நார் சிக்கும். முற்றாக உலர்ந்தபின்பே நாடாவை இடலாம்.

“எண்முறைக்கு மாற்றிவிட்டுக் கமராவை எறிந்தாலென்ன?” என்று என் தம்பி கேட்பான். மாற்றவேண்டும் என்பது உண்மை. ஆனால் மாற்றுவதற்கும் இயங்கும் கருவி வேண்டுமே! யப்பானின் பூனாய் நிறுவனம் 2016 யூலையில் வீஎச்எஸ் கருவி உற்பத்தியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டுக்குள் மாற்றப்படாத நாடாக்களிற் பெரும்பாலானவை இழக்கப்படும் என அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. எமது 11 கசற்றுகளில் 7 மாற்றியாயிற்று. எஞ்சிய நான்கும் இக்கமராவையே நம்பியுள்ளன.

பேணுதலும் பெயர்த்தெழுதுதலும் தமிழருக்குப் புதியனவல்ல. ஏட்டுக்கு எண்ணெய் பூசிக் காத்தோர் ஒருபுறம், சிதையுமுன் புத்தேட்டில் எழுதியோர் மறுபுறம். அவ்விரு சாராரும் இருந்தமையாலன்றோ சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது? அன்று ஏட்டைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதுமாயிருந்தன. நாடாவைப் படிக்கவோ கருவியும் வேண்டும். வீட்டு அலுமாரியிற் கமரா வைத்திருப்போர், அதனை இவ்வாரமே திறந்து பார்ப்பார்களாக.