"பொதுவில்" என்ற ஒரு சொல்

நம் பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரம் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. தோட்டத்துக் கிணற்றில் இரு தரப்பாரும் "பொதுவில்" இறைத்துக்கொள்ள வேண்டியது என்று அதில் ஒரு வரி. பொதுவில் என்றால் ஆளுக்குப் பாதியா, அல்லது முந்தினவனுக்கு முதல் ஏற்றமா? இந்த ஒரு சொல்லை முன்னிட்டு நம் தகப்பனாரும் பெரிய தகப்பனாரும் பத்து வருஷம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஆகையால், அமெரிக்காவின் பசிபிக் கரையிலுள்ள வாஷிங்டன் ராஜ்யத்து ஆதிக்குடிகளின் மீன் வழக்கைப் படித்தபோது நமக்கு அது அன்னிய தேசத்து விவகாரமாகவே தோன்றவில்லை.

1854-ஆம் வருஷம் டிசம்பர் 26 அன்று, மெடிஸின் கிரீக் என்னும் ஓடைக்கரையில், கவர்னர் ஐஸக் ஸ்டீவன்ஸ் நிஸ்க்வாலி முதலிய குலத்தாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமி கைமாறிற்று. குடிகளுக்கு மிஞ்சியவை மூன்று சிறு ஒதுக்கிடங்கள். பேச்சு நடந்ததோ சினூக் என்ற சந்தைப் பாஷையில். சில நூறு சொற்களே கொண்ட அந்தப் பாஷையில் தோலுக்கும் கம்பளிக்கும் விலை பேசலாம். ஒரு நதியின் பாத்தியதையை எப்படிப் பேசுவது? ஆயினும், வழக்கமாக மீன்பிடித்த துறைகளிலெல்லாம் மற்றப் பிரஜைகளுடன் "பொதுவில்" மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு நிலைத்தது. வேட்டைக்கோ, உரிமை என்று எழுதாமல் சலுகை என்றே எழுதினார்கள். அதுவும் எவரும் கைக்கொள்ளாத திறந்த நிலத்தில்தானாம். நிலத்தைக் கைக்கொள்ளவே வந்தவர்கள் எழுதிய நிபந்தனை இது!

சால்மன் மீன் கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருவது. கடலில் பிறர் வாரிக்கொண்டது போக, மிச்சம்தான் ஆற்றில் வலைபோடுபவனுக்கு எட்டும். அந்த மிச்சத்தையும், "மீன் குறைந்துவிட்டது, வலையை எடு" என்று தடுத்தார்கள். பொதுவில் என்றால் ஊராருக்குள்ள சட்டமே உமக்கும் என்பது ராஜ்ய அதிகாரிகளின் வியாக்கியானம். உடன்படிக்கை என்பது குடிகளுக்கு அளித்த தானமன்று, அவர்கள் கொடுத்தது போகத் தமக்கென்று வைத்துக்கொண்டது என்று உச்ச நீதிமன்றம் 1905-லேயே சொல்லியிருந்தது. பாகப் பத்திரம் பார்த்த எந்தக் குடும்பஸ்தரும் இதை உடனே ஒப்புக்கொள்வார். அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

பில்லி பிராங்க் என்ற நிஸ்க்வாலிப் பையன் 1945-ல் முதன்முறை பிடிபட்டபோது வயது 14. அதன்பின் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். 1960-களில் ஆணும் பெண்ணுமாகத் தடையை மீறி ஆற்றில் வலை வீசினார்கள். போலீஸார் தடியுடன் வந்தார்கள். 1930-ல் சொந்தக் கடலில் உப்பள்ளிச் சிறை சென்றவர்களின் நாட்டில் பிறந்த நமக்கு, இந்தக் காட்சியை விவரிக்க யாரும் வேண்டியதில்லை.

1974 பிப்ரவரி 12 அன்று ஜட்ஜ் ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். முட்டையிடுவதற்கு விடவேண்டியது போக, அந்தத் துறைகளில் பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை ஆதிக்குடிகளுக்கு. பொதுவில் என்றால் சரிபாதி! வெள்ளைக்கார மீனவர்கள் கொதித்தெழுந்து ஜட்ஜின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை முக்கியமான அம்சங்களில் உறுதிப்படுத்தியது.

பங்கு கிடைத்தது சரி. மீன் இருக்க வேண்டாமா? நம் கிணற்றுக்கும் ஒருவாறு ராஜி ஏற்பட்டுப் பாதி பாதி என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஆனால் சில வருஷத்தில் ஊற்றே அற்றுப்போயிற்று. ஆதிக்குடிகள் அப்படிச் சும்மா இருக்கவில்லை. சாலைகளுக்கடியில் ஓடைக்கென்று ராஜ்யம் புதைத்த குழாய்கள் மீனை மேலேற விடாமல் மறிக்கின்றன என்று 2001-ல் மறுபடி வழக்காடினார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தமையால், குடிகளுக்கு அனுகூலமான கீழ்த் தீர்ப்பே நிலைத்தது. சாலைகளைத் தோண்டி, மீன் ஏறிச் செல்லும்படி அந்தக் குழாய்களை மாற்றும் செலவு ராஜ்யத்தின் தலையில் விழுந்தது.