பகைவர் விட்டுச்சென்ற பாடம்: காஞ்சியிலிருந்து குரோம்பேட்டை வரை

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் காந்தி ரோடு கடைகளில் ஏறி இறங்கி, காமாட்சி அம்மனையும் வரதராஜரையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதர் கோயில் வரை போகிறவர்கள் குறைவு. பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில் அது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொறித்தது பல்லவர்களின் பரம எதிரியான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சியை வென்று உள்ளே வந்தவன், ஊரைக் கொளுத்தவில்லை. கோயிலின் செல்வத்தைப் பார்த்து வியந்து, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்திதான் தூணில் இருக்கிறது.

இது சாதாரண விஷயமில்லை. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், 642-ல், நரசிம்மவர்ம பல்லவனின் படை சாளுக்கியத் தலைநகரான வாதாபியை அழித்திருந்தது. பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தும் விக்கிரமாதித்தன் கோயிலில் கை வைக்கவில்லை.

மணிமங்கலம் வழியாக…

காஞ்சியிலிருந்து வாலாஜாபாத், ஒரகடம், படப்பை என்று தாம்பரம் நோக்கிப் போகும் சாலையில், படப்பைக்கு அருகே உள்ளே திரும்பினால் மணிமங்கலம் வருகிறது. ஏரியும் வயலும் ராஜகோபாலப் பெருமாள் கோயிலுமாக அமைதியான ஊர். நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. யானையும் குதிரையும் மோதிய மண்.

அங்கிருந்து கிழக்கே தாம்பரம். வெளியாட்கள் நுழைய முடியாத விமானப்படைத் தளம் அங்கே இருக்கிறது. மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி, 1950-கள் முதல் இங்கேதான். சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் பயிற்சி விமானங்கள் தெரியும். சில நேரம் அணியாகவும் பறக்கும். அந்த அணிவகுப்புக்குப் பின்னாலும் ஒரு பகைவரின் பாடம் இருக்கிறது.

நான்கு விரல் வியூகம்

முதல் உலகப் போரில், 1916-ல், ஓஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மன் விமானி வான்சண்டைக்கான விதிகளை எழுதிவைத்தார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், எதிரிக்குக் கண் கூசும். பின்னாலிருந்து தாக்கு. மிக நெருங்கிய பிறகே சுடு. ஒரே எதிரியை இரண்டு பேர் துரத்தாதே. இவரிடம் பாடம் கேட்டவர்தான் 80 விமானங்களை வீழ்த்திய ரிக்ட்ஹோஃபன். விதி எழுதிய போல்கே அதே ஆண்டு அக்டோபரில், சண்டையின் நடுவே சக ஜெர்மன் விமானியின் விமானம் உரசியதில் விழுந்து இறந்தார்.

இந்த ஜெர்மானியரை எதிர்த்துப் பறந்தவர்களில் கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் ஒருவர். 1918 ஜூலையில் இரண்டே வாரங்களில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று ஜெர்மன் விமானங்களோடு நடந்த சண்டையில் மாண்டார். வயது 19.

அடுத்த பெரிய மாற்றம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வந்தது. அன்றைய விமானப்படைகள் மும்மூன்று விமானங்களாக நெருக்கமாகப் பறந்தன. பார்க்க அழகுதான். ஆனால் தலைவர் மேல் மோதிவிடாமல் இருக்க, பக்கத்து இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரியைத் தேட மிஞ்சுவது தலைவரின் கண்கள் மட்டுமே.

வெர்னர் மோல்டர்ஸும் அவருடைய சகாக்களும் இதை மாற்றினார்கள். இரண்டு விமானங்கள் ஒரு ஜோடி. ஒருவர் தாக்குவார், மற்றவர் அவருடைய முதுகைக் காப்பார். இரண்டு ஜோடி சேர்ந்தால் ஓர் அணி. வலது கையை உள்ளங்கை தரையைப் பார்க்க நீட்டி, கட்டை விரலை மடக்கிப் பாருங்கள். நான்கு விரல் நுனிகள் இருக்கும் இடங்களில்தான் நான்கு விமானங்கள். நல்ல இடைவெளி இருப்பதால் மோதும் பயமில்லை. எட்டுக் கண்களும் வானத்தைத் தேடலாம்.

மோல்டர்ஸ் பறந்த அதே காண்டோர் படைப்பிரிவுதான் 1937-ல் கெர்னிகா நகரத்து மக்கள் மீது குண்டு பொழிந்தது. அந்தத் திறமை எந்த ஆட்சிக்காகச் செலவானது என்பதை மறக்க முடியாது. 1940-ல் பிரிட்டிஷ் விமானிகள் பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகே தங்கள் பழைய அணியைக் கைவிட்டு, எதிரியின் நான்கு விரல் முறைக்கு மாறினார்கள். பிறகு உலகமே அதைக் கற்றுக்கொண்டது.

விமானத்திலும் இதே கதை. 1941-ல் வந்த ஜெர்மனியின் ஃபோக்க உல்ஃப் 190, அப்போதைய ஸ்பிட்ஃபயரைத் திணறடித்தது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி தவறி, வேல்ஸில் இருந்த பிரிட்டிஷ் தளத்திலேயே அந்த விமானத்தை இறக்கிவிட்டார். பிரிட்டிஷார் அதை ஓட்டிப் பார்த்து, அதன் பலம் பலவீனம் எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள்.

ஒரே கூரையின் கீழ்

அந்த விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் போருக்குப் பின் அர்ஜென்டினா போய், 1950-களில் இந்தியாவுக்கு வந்தார். தாம்பரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி.யில் அன்று அறியப்பட்ட பெயர்களில் ஒன்றாக அவரை அப்துல் கலாம் தன் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிடுகிறார். பெங்களூரு எச்.ஏ.எல்.லில் டாங்க் உருவாக்கிய ‘மாருத்’ போர் விமானம் 1961-ல் முதன்முதலாகப் பறந்தது. தகுந்த எஞ்சின் கடைசிவரை கிடைக்காவிட்டாலும், 1971 போரில் லோங்கேவாலாவில் அது களம் கண்டது.

சி.ராஜம் தன் வீட்டை விற்று 1949-ல் தொடங்கிய கல்லூரி எம்.ஐ.டி. அங்கே காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்கள்தான் ராமேஸ்வரத்துப் பையனைக் கட்டிப்போட்டன. அவருக்குப் பாடம் எடுத்த ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர், போரின்போது நாஜிகளிடம் பிடிபட்டு வதைமுகாமில் அடைபட்டவர். ஜெர்மானியர் மேல் அவருக்குக் கடும் வெறுப்பு இருந்தது. ஆனால் துறைத் தலைவரோ ஜெர்மானியரான வால்டர் ரெபெந்தின்!

அந்த வெறுப்பு நியாயமானது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே துறையில், ஒரே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தங்களுக்குள் என்ன இருந்தாலும், வகுப்பில் பாடம் நிற்கவில்லை.

படிப்பு முடிந்து குரூப் போட்டோ எடுக்கும் நாள். பேராசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கலாம் பின்னால் மாணவர்களோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்பாண்டர் எழுந்து தேடிப் பார்த்து, அவரை முன்னால் அழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.