கோமாளி மீனும் கடற்சாமந்தியும்



நேற்று இரவு எமது பங்குமனையின் உவர்நீர் மீன்தொட்டியில் ஒரு சிறு நிகழ்வு நடந்தது. அங்குள்ள இரு கோமாளி மீன்களுள் பெரியது, பதினொரு மாதங்களாக அண்டாது விலகித் திரிந்த கடற்சாமந்தியின் கைகளுக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. இதனை முதலில் அறிவிக்கவேண்டிய மனிதர் இன்று எம்மிடையே இல்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகின்றேன்.

அத்தொட்டி என்னுடையதன்று. மன்னார்க் கரையிலே பிறந்து, இளமையில் கடற்றொழில் செய்து, பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த முதியவர் ஒருவருடையது. மனைவி மறைந்தபின் அவ்விரு மீன்களே அவருக்குத் துணை. இரண்டாண்டுகள் ஆகப்போகின்றன; நோய் முற்றிப் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தபோது, "சுவாமி, இதுகளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. சாமந்திக்குள்ள இதுகள் படுக்கிறதைப் பாக்கவேணும் எண்டு எனக்கொரு ஆசை" என்று கையளித்தார்.

நான் அவசரப்பட்டேன். தொட்டி வந்த இரண்டாம் வாரமே சாமந்தி ஒன்றை வாங்கி விட்டேன். இடம் மாற்றியதால் மணல் கலங்கி, நீர் இன்னும் சீர்ப்படாதிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. நான் வைத்த இடத்தில் நில்லாது அது நகர்ந்து கல்லிடுக்கொன்றைப் பற்றிக்கொண்டது. மீன்களின் அருகே கொணரவேண்டுமென்று கையால் பிடித்திழுத்தேன். அதன் பாதம் கிழிந்தது. மூன்றாம் நாள் அது அழுகி, நீரையும் நஞ்சாக்கியது. மீன்கள் மயிரிழையில் தப்பின. அச்செய்தியை முதியவரிடம் சொல்லச் சென்றபோது என் நா எழவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. "மீனைப் பாராதேயுங்கோ சுவாமி, தண்ணியைப் பாருங்கோ" என்றார்.

அதன் பின்னரே கற்கத் தொடங்கினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்சாமந்தி இனங்களுள் 10 மாத்திரமே கோமாளி மீன்களுக்கு இடமளிப்பவை. எம்மிடமுள்ள ஒசெல்லாரிஸ் இன மீன்கள் இயற்கையில் அவற்றுள்ளும் மூன்று பெருஞ்சாமந்திகளிலேயே வாழ்பவை. அவற்றை வீட்டில் பேணுவது கடினமாதலால், பலரும் வளர்ப்பது பபிள் டிப் எனப்படும் குமிழ்முனைச் சாமந்தியையே. ஆகவே அது இம்மீன்களுக்கு மூதாதையர் வீடன்று. மேலும், கடைகளில் கிடைக்கும் மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் பொரித்தவை; சாமந்தியைக் கண்டே அறியாதவை. சில மீன்கள் முதல் நாளே புகுந்துவிடும். சில மாதக்கணக்கில் தயங்கும். சில ஒருபோதும் புகா.

ஆதலால் முதலில் நலமாயிருக்கவேண்டியது சாமந்தியே. தொட்டி முதிர்வதற்கு ஆறு மாதங்களாவது, இயலுமாயின் ஓர் ஆண்டு, பொறுக்கவேண்டும். அமோனியா அறவே கூடாது. வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியசிலும், நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும் மாறாது நிற்கவேண்டும். சாமந்தியின் உடலுள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்கு உணவளிப்பதால், வலிய விளக்கு இன்றியமையாதது. நகரும்போது அது உறிஞ்சப்படாதவாறு நீரோட்டப் பம்பியை வலையாலோ பஞ்சாலோ மூடவேண்டும். எங்கே ஊன்றுவதென்று அதுவே தெரிந்துகொள்ளும், நாம் தொடலாகாது.

எட்டு மாதங்கள் நீரை மட்டுமே பார்த்தபின் இரண்டாவது சாமந்தியைக் கொணர்ந்தேன். அது ஒரு பாறையிடுக்கில் ஊன்றி நன்றாக விரிந்தது. மீன்களோ நீர்சூடாக்கியின் மூலையிலேயே உறங்கின. நான் செய்ததெல்லாம், அவற்றின் உணவை நாள்தோறும் சாமந்தியின் அருகே இட்டதொன்றே.

வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் முதியவர் கேட்பார்: "புகுந்திட்டுதுகளோ?" "இன்னும் இல்லை." அவர் நலிந்துகொண்டே வந்தார். மீன்களையும் சாமந்தியையும் ஒரு வலைப்பெட்டிக்குள் சேர்த்து அடைத்தால் விரைவில் பழகக்கூடுமெனக் கடைக்காரர் ஒருவர் கூறினார். பலர் கையாளும் முறைதான் அது. ஒருநாள் அதைச் செய்யட்டுமா எனக் கேட்டேன். முதியவர் தலையசைத்து மறுத்தார். "என்ரை சாவுக்காக அதுகளை அவதிப்படுத்தாதேயுங்கோ, சுவாமி." மாரிகாலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நேற்று அந்தப் பெரிய மீன், பெண் மீன் அது, முதலில் வாலால் தொட்டது, விலகியது. வயிற்றால் உரசியது, மீண்டும் விலகியது. இவ்வாறு ஒரு மணி நேரம். கொட்டும் கைகளிலிருந்து தன்னைக் காக்கும் சளிப்படலத்தோடு அது சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டதுபோலும். பின்னர் முழுவதுமாக உள்ளே சென்றது.

நாற்பது ஆண்டுப் பணியில் நான் பலரைக் கையால் பிடித்திழுத்திருக்கின்றேன்: பிணங்கிய உடன்பிறந்தாரை ஒரே மேசையில் இருத்தினேன், வர மனமில்லாத இளைஞரை முன்வரிசைக்கு அழைத்தேன். சிலருடைய பாதம் கிழிந்ததை இன்றுதான் எண்ணிப் பார்க்கின்றேன். அவர்கள் இதனை வாசித்தால் என்னை மன்னிப்பார்களாக. பொறுத்திருந்ததற்கும் ஒரு விலை உண்டு; முதியவர் காண ஆசைப்பட்டதைக் காணவில்லை. எனினும் அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவர் அவரே.

சிறிய மீன் இன்னும் சூடாக்கியின் மூலையிலேதான் நிற்கின்றது. இன்று காலை நீரைச் சோதித்தேன், நன்றாயிருக்கின்றது.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை