தாழி மது

ஜோர்ஜியாவின் ககேதிப் பிரதேசத்துச் சிறு உற்பத்தியாளர் ஒருவர் எனக்கு வார்த்துத் தந்த ‘வெள்ளை’ மது தேனின் நிறங்கொண்டிருந்தது. திராட்சையைத் தோலோடும் விதையோடும் தாழியிலிட்டு மாதக்கணக்கில் மூடிவைப்பதால் விளையும் நிறம் அது; கடுந்தேநீரையொத்த துவர்ப்பும் அவ்வாறே வருவது. முதல் மிடறு எல்லோருக்கும் உவப்பன்று. குவெவ்ரி எனப்படும் அத்தாழி கழுத்துவரை நிலத்துட் புதைந்திருக்கும். (நம் முதுமக்கள் தாழி நினைவுக்கு வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.)

சோவியத் காலத்து ஆலைகள் அளவையே பெரிதெனக் கொண்டன. தாழிமுறையைப் பேணியவை பெரும்பாலும் குடும்பங்களே. 2013இல் யுனெஸ்கோ அதனை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று வெளிநாட்டாரும் அம்மதுவைத் தேடி வாங்குகின்றனர். ஆயினும் எனது கவலை குயவரைப் பற்றியது. ஆளுயரத் தாழி சக்கரத்தில் வனையப்படுவதன்று. மண்சுருளை அடுக்கடுக்காகக் கையால் எழுப்ப வாரங்கள் செல்லும். அக்கலை கைவந்தோர் இன்று அங்கு மிகச் சிலரே.