தொட்ட காது

மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாத ஒருவரை இயேசு நலமாக்கும் நிகழ்ச்சியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். ‘எப்பத்தா’ என்னும் சொல்லையே எப்போதும் வலியுறுத்தினோம். அச்சொல்லுக்கு முன் நிகழ்ந்தவற்றை நாம் ஊன்றிச் சிந்தித்ததில்லை.

நமது பங்கில் அருட்சகோதரிகள் நடத்தும் சிறு மருந்தகத்தில், காதைத் தூய்மை செய்யவும் சொட்டு மருந்து இடவும் மருத்துவ உதவியாளருக்குப் பயிற்சி அளித்தார்கள். தொடக்க செபம் சொல்லச் சென்ற நாம் பின்வரிசையில் அமர்ந்துவிட்டோம்.

“சீழ் நிறைந்த காதில் மருந்தை விட்டால் அது எங்கே போகும்?” என்று சகோதரி கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. “சீழ் தடுத்துவிடும், நோயுள்ள இடத்தை மருந்து சென்றடையாது” என்றார்.

ஆகவே துடைப்பதே முதற்பணி. தூய பருத்தித் துணியைத் திரியாக்கிக் காதினுள் மெல்ல வைத்து, ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்து, மறுதிரி வைக்க வேண்டும். திரி உலர்ந்து வரும்வரை. தீக்குச்சி ஆகாது, காய்ச்சிய எண்ணெய் ஆகாது, செவிப்பறையில் துளையிருந்தால் தண்ணீர் பீய்ச்சலும் ஆகாது.

பின்னரே மருந்து. குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்குமாதலால் குப்பியைச் சற்றுநேரம் கைக்குள் வைத்திருக்க வேண்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெரியவர்க்குக் காதுமடலை மேலும் பின்னுமாகவும், சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்து, குப்பியின் முனை படாமல் சொட்டவிட வேண்டும். சில நிமிடங்கள் அப்படியே படுத்திருக்கச் செய்ய வேண்டும். செவிப்பறையில் துளையுள்ளபோது ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உட்செவிக்கே கேடு செய்யக்கூடும். ஆதலால் மருத்துவர் எழுதியதையன்றி வேறெதையும் இடலாகாது. காதுக்குப் பின்னே வீக்கமோ, முகம் ஒருபுறம் கோணுவதோ, கடுந்தலைவலியோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அன்று வந்த நோயாளிகளுள் ஒரு சிறுவனைக் கண்டு திடுக்கிட்டோம். மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் அமர்பவன். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாததால், ‘கவனமில்லாதவன்’ என்று பலர் முன்னிலையில் நாம் கடிந்துகொண்டவன். அவன் காதிலிருந்து ஏழு திரிகள் நனைந்து வந்தன. எட்டாவதுதான் உலர்ந்து வந்தது.

“பிள்ளைங்களுக்குக் காது ஒழுகுறது சகஜந்தானே, தானா நின்னுடும்னு இருந்துட்டோம் சாமி” என்றார் தாய். அவர் அறியாமல் இருந்தார். நாமோ அறிய முயலவே இல்லை.

இயேசு அம்மனிதரை முதலில் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். காதுகளில் விரலை இட்டார். வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டார். அதன் பின்னரே சொல் பிறந்தது. நாமோ சொல்லிலிருந்தே தொடங்கினோம். அதுவும் கூட்டத்தின் நடுவே. திருமுழுக்கில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டுமென மன்றாடுகிறோம். தொட்ட காதைப் பின்னர் ஒருநாளேனும் பார்த்தோமா?

நாள்தோறும் மூன்று வேளை திரி வைக்கத் தாய் கற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிறன்று சிறுவனை முன்வரிசையில் அமர்த்தினோம். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். இருமுறை, சற்று உரக்கவே கேட்க வேண்டியிருந்தது.